மூங்கில் கோத்த வயர்

கராம்பு என்ற பூனை டெலிபோன் வயரை முதன்முதலாகக் கடித்துத் துண்டாக்கியது, ஸைனப் இத்தா இருக்கத் தொடங்கிய பதினோராவது நாளில்.

புருஷன் மௌத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் வாசலைத் தாண்டாமல், அந்நிய ஆண் முகம் பாராமல் வீட்டுக்குள் இருக்க வேண்டும். ஸைனபுக்கு வீடு என்று இருந்தது முன்னால் ஒரு கடை, கடைக்குப் பின்னால் ஓர் அறை, அறைக்குப் பின்னால் சமையலுக்கு ஒரு குசினி. அறை வாசலில் வெள்ளைத் திரை கட்டினார்கள். நிலைக்கண்ணாடியைத் துணி போட்டு மூடினார்கள். டெலிபோன் பெட்டியை என்ன செய்வது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. அது சுவரோடு சுவராக அறையப்பட்டிருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தோராம் வருஷம் அது. மலையூரான பசறை முழுவதிலும் டெலிபோன் இருந்த இடங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். இது ஊசிக்கல் தோட்டத்துத் துரை தன் செலவில் போட்டுக் கொடுத்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு அரிசி கொடுப்பது ஸைனபின் புருஷன் மொஹிதீனின் கடை. மலையில் தேயிலை ஸ்டோருக்கு அருகே அவருக்கு இன்னொரு கடை இருந்தது. மேல் கடை என்பார்கள். சனி காலையில் ஏறிப் போனால் வியாழன் மாலையில், வெள்ளி ஜும்ஆத் தொழுகைக்கு இறங்கி வருவார். மேல் கடைக்கும் பசறைக் கடைக்கும் நடுவே பதினொரு மைல் கம்பி ஓடியது. கடைப் பக்கம் தகரக் கூரை. மழை அடித்தால் எதிரே நிற்பவன் பேசுவதும் கேட்காது. பலகை முகடு போட்ட உள்ளறையில் பெட்டியை மாட்டியதற்கு அதுதான் காரணம்.

பேசுகிற வாய் பெட்டியோடு ஒட்டியிருந்தது. கேட்கிற குழல் பக்கத்துக் கொக்கியில் தொங்கியது. குழலுக்கும் பெட்டிக்கும் நடுவில் பச்சை நூல் பின்னிய வயர் ஒன்று வளைந்து கிடந்தது. பெட்டிக்குக் கீழே மரக் கூட்டுக்குள், குரலை அனுப்பும் மின்சாரத்துக்காக நவச்சார நீர் நிரப்பிய இரண்டு கண்ணாடி ஜாடிகள் இருந்தன. கூட்டின் மேல் ஒரு பூனை உட்காரும் அளவுக்குத்தான் இடம்.

அந்த இடத்தில்தான் கராம்பு உட்கார்ந்திருந்தது. வெள்ளைப் பூனை. மூக்கு நுனியில் மட்டும் கராம்பு மொட்டு ஒட்டியதுபோல் ஒரு கறுப்பு. மேல் கடையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே பிறந்தது. கண் திறந்து சில மாதங்களில் மொஹிதீன் அதைக் கூடையில் போட்டு ஸைனபுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். பிள்ளையில்லாத வீடு. "இது சத்தம் போடும், நீ போட மாட்டாய்" என்றார். அது உண்மை. ஸைனப் பேசப் பிறந்தவள் அல்ல.

வயர் அறுந்தது அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. மேல் கடையில் இப்போது பொறுப்பாக இருந்த காமில், அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்ல இரண்டு நாள் முயன்றிருக்கிறான். ஸைனப் குழலை எடுத்துக் காதில் வைத்தாள், ஒன்றும் கேட்கவில்லை, அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள் போலும் என்று மாட்டினாள். மூன்றாம் நாள் காமில் கால்நடையாகவே இறங்கி வந்தான். லயத்தில் அதுவரை பலாக்கொட்டை அவித்துத் தின்றிருந்தார்கள்.

மொஹிதீனின் தம்பி ஸரூக் திரைக்கு அப்பால் வந்து நின்றான். பதுளையில் ஒரு துணிக்கடையில் நின்றவன். நானா என்று அவன் அழைத்த அண்ணன் போனதும் இங்கே வந்து கடையை ஏற்றிருந்தான். திரையின் கீழ் விளிம்பில் அவன் கால் விரல்கள் தெரிந்தன.

"மதினி, வயர் என்ன ஆச்சிண்டு பாத்தீங்களா?"

"கராம்பு கடிச்சிருக்கி."

"கம்பிக்காரர பதுளையில இருந்து கூப்புடுவோம். நீங்க ஒரு மணித்தியாலம் குசினிக்குள்ள இருங்க."

துணைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு ஸித்தி ஸுபைதா அரிசி புடைப்பதை நிறுத்தினாள். "இத்தா அறைக்குள்ள அந்நிய ஆம்புள கால் வைக்கிறதா? நல்ல நியாயம் தம்பி. ஒங்கட நானா கபுருக்குள்ள திரும்பிப் படுப்பாரு."

மார்க்கக் கிதாபில் அப்படி உண்டோ இல்லையோ, பசறையில் அதுதான் வழக்கம். ஸரூக்கும் அதை மீறத் துணியவில்லை.

"அப்ப வயர நீங்களே முடிஞ்சி விடுங்க மதினி. ஏலும்தானே? பூனய ஒரு கயித்துல கட்டிப் போடுங்க."

"கட்ட மாட்டேன்" என்றாள் ஸைனப்.

அவள் இவ்வளவு சத்தமாக எதையும் மறுத்து அவர்கள் கேட்டதில்லை. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியில் சாகவிட்டு நரகத்துக்குப் போன பெண்ணின் கதை எல்லாருக்கும் தெரியும். ஸரூக் அதைத்தான் நினைத்திருப்பான். "சரி மதினி. ஆனா இன்னொரு தரம் தோட்டத்து ஜனம் பசியில கெடந்தா, பூன இந்த வீட்டுல இருக்க ஏலாது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

"அது வேற கடுவன் பூன" என்றாள் ஸுபைதா. "இத்தாவுல இருக்கிற பொம்புளட மடியில கடுவனா புள்ள? நான் பள்ளி லெப்பைக்கிட்டக் கேட்டேன். அவரு சிரிச்சிட்டு, பூனைக்கு நான் பத்வா குடுக்கிறதில்ல எண்டாரு. சிரிக்கிற லெப்பைய நான் நம்புறதில்ல."

ஸைனப் கத்திரிக்கோல் நுனியால் வயரின் நூலை உரித்தாள். உள்ளே தலைமுடிபோல் மெல்லிய செப்பு இழைகள் இரண்டு சிம்பாக ஓடின. அறுந்ததை அறுந்ததோடு முறுக்கி, சிம்புகள் ஒன்றையொன்று தொடாமல் மெழுகுத் துணி சுற்றினாள். மேலே மணி அடிக்கப் பெட்டியின் கைப்பிடியைச் சுழற்றினாள். மேலேயிருந்து காமிலின் குரல் வந்தது. அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதை யாரிடம் சொல்வது என்று நினைத்தபோது பெருமை போய்விட்டது.

பிறகு பூனைக்கும் அவளுக்கும் ஒரு போட்டி நடந்தது.

முதலில் வயர் முழுவதும் பழைய சேலைக் கிழிசலைச் சுற்றினாள். கராம்புக்குத் துணி கிழிப்பது இன்னும் பிடித்த வேலையாக இருந்தது. அடுத்து வேப்பெண்ணெய். மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனது. ஐந்தாம் நாள் நாற்றம் ஆறியதும் திரும்பி வந்தது. அப்போதும் துண்டாகவில்லை, நூல் மட்டும் பஞ்சாகியிருந்தது.

"கொச்சிக்கா அரைச்சித் தடவு புள்ள" என்றாள் ஸுபைதா. "கழுதைக்கும் காரம் தெரியும்."

காய்ந்த கொச்சிக்காயை அம்மியில் மையாக அரைத்துத் தடவினாள். தடவிய கை காயுமுன் மணி அடித்தது. குழலை எடுத்தவள் நெற்றியில் விழுந்த கூந்தலை ஒதுக்கும்போது கண்ணில் கை பட்டுவிட்டது. நெருப்பு வைத்ததுபோல் எரிந்தது. கண்ணும் மூக்கும் ஒழுக அவள் விசும்பினாள்.

"ராத்தா?" என்று அக்கா முறை வைத்து அழைத்தான் காமில் அந்தப் பக்கம். "அழுறீங்களா? சபுர் செய்ங்க, பொறுமையா இருங்க ராத்தா."

"கொச்சிக்கா" என்றாள் ஸைனப்.

"இருக்கி ராத்தா. இந்தக் கெழமைக்குப் போதும். அனுப்ப வேணாம்."

ஸுபைதா சிரித்துச் சிரித்து அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். ஸைனபும் சிரித்தாள். கண்ணைக் கழுவினாள், மோர் ஊற்றித் துடைத்தாள், எரிச்சல் அடங்கிவிட்டது. அழுகை அடங்கவில்லை. மையித்தைத் தூக்கிக்கொண்டு போன நாளிலும் வராத அழுகை. ஸுபைதா சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து வந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். வெளியே ஸரூக் யாருக்கோ உப்பு நிறுத்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

கடைசியில் வெற்றி பெற்றது மூங்கில். ஓடைக்கரையில் சுண்டுவிரல் தடிமனில் வளர்கிற மூங்கிலை ஸுபைதா வெட்டிவந்து கொடுத்தாள். ஸைனப் அதை விரல்கணு நீளத்துக்கு நறுக்கி, உள்ளே கம்பி விட்டுத் துளையைச் சுத்தம் செய்தாள். வயரின் முனையைப் பெட்டித் திருகிலிருந்து கழற்றி, துண்டுகளை ஒவ்வொன்றாகக் கோத்து, மறுபடி திருகினாள். வயர் வளையும், பல் இறங்காது. குழலை எடுக்கும்போதெல்லாம் கடகடவென்று சத்தம் வந்தது.

"எத்தன மணி?" என்று ஸுபைதா எண்ணினாள். "முப்பத்தொண்டு. தஸ்பீஹ் மாலைக்கு ரெண்டு குறை."

கராம்பு மூங்கிலைக் கடித்துப் பார்த்தது. இரண்டு நாள் கடித்தது. பிறகு விட்டுவிட்டது. விட்ட பிறகுதான் தொல்லை தொடங்கியது. கடையின் சுவர்க் கடிகாரம் நாலடித்ததும் எங்கே கிடந்தாலும் எழுந்து வரும். கூட்டின் மேல் ஏறும். குழலைப் பார்த்துக் கத்தும். பசிக் கத்தல் அல்ல; அது அவளுக்குத் தெரியும். அடித்தொண்டையிலிருந்து இழுத்து இழுத்து வரும் கத்தல். கால் மணி நேரம் கத்திவிட்டு இறங்கிப் போய்ச் சாக்கின் மேல் படுத்துக்கொள்ளும். வயரைக் கடித்ததும் இந்த நேரத்தில்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மற்ற நேரத்தில் அது வயரை ஏறிட்டும் பார்த்ததில்லை.

நாலு மணிக்கு மொஹிதீன் பேசுவார்.

அஸர் தொழுதுவிட்டு மேலேயிருந்து மணி அடிப்பார். அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு, கருவாடு வேண்டாம் என்பார். அவள் "ம்" என்பாள். "மழையா அங்க?" என்பார். "ம்." முகம் தெரியாத பெட்டியோடு பேச அவளுக்கு வெட்கம். பக்கத்தில் இருக்கும்போதே நாலு வார்த்தைக்கு மேல் வராது. ஒருநாள் அவர் சிரித்து, "சரி, ஒனக்குத்தான் வாய் இல்ல. குழலக் கராம்புட காதுல வை, நான் அதோட பேசிக்கிறேன்" என்றார். வைத்தாள். கராம்பு காதை விறைத்து, கண்ணை மூடி, உறுமிக்கொண்டு கேட்டது. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். கணக்குச் சொல்லி முடித்ததும் "குடு அதுக்கிட்ட" என்பார். அவள் குழலைப் பூனையின் காதோரம் பிடித்துக்கொண்டு நிற்பாள். உள்ளே ஏதோ முணுமுணுப்பது கேட்கும். வார்த்தை கேட்காது. கேட்க வேண்டும் என்று தோன்றினாலும் தலையைக் குனிந்து பக்கத்தில் காதை வைக்க வெட்கமாக இருக்கும். பூனையோடு பேசுகிற மனிதரை ஒட்டுக்கேட்பதா?

கடைசிப் புதன்கிழமை அவர் குரல் அடைத்திருந்தது. "தடிமன்" என்றார். கணக்கும் சொல்லவில்லை. "அதுக்கிட்டக் குடு" என்றார். அவள் கொடுத்தாள். அன்றைக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாகப் பேசினார். வியாழன் மாலை வண்டியில் அவரைக் கொண்டுவந்து இறக்கியபோது காய்ச்சலில் யாரையும் தெரியவில்லை. வெள்ளி விடியும்போது போய்விட்டார்.

பூனை அந்த நேரத்துக்குக் குரலைத் தேடுகிறது. குரல் வராததால் வயரைக் கடிக்கிறது. இதை அறிந்ததும் அவளுக்குக் கோபம் போய்விட்டது. வேறு ஒன்று வந்தது.

மறுநாள் காமில் கணக்குச் சொல்லி முடித்ததும் அவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "காமில், ஒரு வேல செய்யணும்."

"சொல்லுங்க ராத்தா."

"நான் இப்ப குழல பூனட காதுல வப்பேன். நீங்க கராம்பு எண்டு கூப்புடுங்க."

"பூனயவா?"

"அவர் பேசுவாருதானே. அப்புடி."

"நானா பேசினது பூனயோடயா?" என்றான் காமில். "அல்லாவே. நான் ஒங்களோட பேசுறாருண்டு நெனச்சி வெளிய போய் நிப்பேன் ராத்தா. புருஷன் பொண்டாட்டி பேச்சு எண்டு."

ஆக, மேலே நின்றவனும் கேட்கவில்லை.

காமில் கூப்பிட்டான். கராம்பு குழலை மோந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தத் தொடங்கியது. ஸைனப் காமிலுக்கு நன்றி சொல்லக்கூட மறந்து குழலை இறக்கினாள். மாட்டாமல் கூட்டின் மேல் வைத்தாள். குழலுக்குள் பதினொரு மைல் கம்பியின் இரைச்சல் வந்துகொண்டே இருந்தது. தூரத்தில் தேயிலைக்கு மழை பெய்வதுபோல. கராம்பு கத்துவதை நிறுத்தியது. குழலருகே படுத்து, அதன் வாயில் காதை வைத்துக்கொண்டு கண்ணை மூடியது.

அன்றிலிருந்து நாலு மணிக்குக் குழலை இறக்கி வைத்தாள். முதலில் கால் மணி நேரம். பிறகு அந்தி மஃரிப் பாங்கு வரை. சில நாள் மாட்டவே மறந்தாள். சில நாள் பூனை தூங்குகிறதே என்று விட்டாள். ஒருமுறை ஸுபைதா குசினிக்குப் போனபோது அவளும் தலையைச் சாய்த்துப் பூனைக்குப் பக்கத்தில் காதை வைத்துப் பார்த்தாள். இரைச்சல்தான். ஆனாலும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

குழலைக் கொக்கியில் மாட்டாமல் விட்டால் ஜாடிகள் செத்துப்போகும் என்று மொஹிதீன் ஒருமுறை சொல்லியிருந்தார். பெட்டி வந்த புதிதில் சொன்னது. அவள் "ம்" என்றிருந்தாள்.

அறுபத்தொன்பதாவது நாள் புதன்கிழமை. விடியுமுன்பே பெருமழை. ஏழாம் மைல் கட்டையில் மலை சரிந்து பாதை மூடிக்கிடக்கிறது, அரிசி வண்டி இன்றைக்கு ஏறாது என்று ஸரூக் திரைக்கு அப்பால் நின்று சொன்னான். "காமிலுக்குச் சொல்லிருங்க மதினி. வண்டி முடக்குக்கு ஆள அனுப்ப வேணாமுண்டு."

புதன் காலையில் பசறையிலிருந்து மணி அடித்தால் வண்டி புறப்பட்டுவிட்டது என்று மேலே அர்த்தம். தோட்டத்து ஆட்கள் மூட்டை தூக்க, வண்டி வந்து நிற்கும் வளைவான வண்டி முடக்குக்கு இறங்கி வருவார்கள். அதனால் பேசித்தான் ஆக வேண்டும். அவள் சுழற்றினாள். காமில் எடுத்தான்.

"ராத்தா? சொல்லுங்க."

"வண்டி வராது" என்றாள்.

"ராத்தா? ராத்தா? இருக்கீங்களா?"

"வண்டி வராது. மண் சரிஞ்சிட்டு."

"சத்தமே வரல்லயே. ராத்தா?"

அவன் குரல் பக்கத்தில் நிற்பவன் குரல்போல் தெளிவாக இருந்தது. அவள் வாயைப் பெட்டியோடு ஒட்டி, வாழ்நாளில் கத்தாத சத்தத்தில் கத்தினாள். "நான் இருக்கேன்! கேக்குதா?" குசினியிலிருந்து ஸுபைதா ஓடிவந்தாள். மேலே காமில் யாரிடமோ, "சும்மா மணி மட்டும் அடிக்கிது" என்று சொல்லிவிட்டு மாட்டிவிட்டான். அவள் மறுபடி சுழற்றினாள். மறுபடி. மூன்றாம் தரம் அவன் எடுக்கவேயில்லை.

வயரைத் தடவிப் பார்த்தாள். மூங்கில்கள் முப்பத்தொன்றும் அப்படியே இருந்தன. குனிந்து கூட்டைத் திறந்தாள். ஜாடி நீர் பாதிக்கு இறங்கியிருந்தது. விளிம்பெல்லாம் வெள்ளையாகப் பூத்துக்கிடந்தது. அதற்குள் நின்ற துத்தநாகத் தண்டு பென்சில் அளவுக்குத் தேய்ந்திருந்தது. அவளுக்கு விளங்கிவிட்டது.

அப்போதே ஸரூக்கைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சரிவைச் சுற்றிக் காட்டுப்பாதையில் ஓர் ஆள் நடந்திருப்பான்; பகலுக்குள் போய்ச் சேர்ந்திருப்பான். திரையருகே இரண்டு தரம் போனாள். என்ன சொல்வது? செத்த மனிதரின் குரல் வருமென்று பூனைக்குக் குழலைத் திறந்து வைத்தேன் என்றா? கொழுந்தனிடமா? காமில் தானே புரிந்துகொள்வான், ஆட்களை அனுப்பமாட்டான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

காமில் அவன் அறிந்தபடி புரிந்துகொண்டான். ஒரு தரம் அடிக்கும் மணி மூன்று தரம் அடித்தது; அவசரமாக்கும் என்று ஒன்றுக்கு இரண்டு பங்கு ஆட்களை அனுப்பினான். ஆணும் பெண்ணுமாக நாற்பது பேர் வண்டி முடக்கில் கொட்டுகிற மழையில் அந்தி வரை நின்றார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி திரும்பி ஏறும்போது வழியிலேயே காய்ச்சலில் விழுந்தாள், பிழைத்துக்கொண்டாள். பெரிய கங்காணி மறுநாள் ஆள் விட்டு, மரியாதை இல்லாத நாலு வார்த்தை சொல்லி அனுப்பினார்.

ஸரூக் திரையருகே வந்தபோது அவன் கால் விரல்கள் சேறாக இருந்தன.

"மதினி, வயர் திரும்பவும் போச்சா?"

அவள் ஜாடிக் கூட்டைப் பார்த்தாள்.

"பூனதானே?"

கராம்பு அவள் காலடியில் உட்கார்ந்து முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது. இல்லை என்ற ஒரு சொல் போதும். அவளுக்கு வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. ஜாடி செத்த பெட்டிபோல் இருந்தாள். ஸரூக் பேசாமையை ஆம் என்று எடுத்துக்கொண்டான். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

"எனக்கும் பூனையில கோவம் இல்ல மதினி" என்றான் கடைசியில். "நானா வளத்தது. ஆனா நாப்பது பேரு நனஞ்சி நிண்டாங்க."

அன்று அஸர் தொழுகையில் அவள் நின்றிருந்தபோது பின்னால் சாக்கு உரசுகிற சத்தம் கேட்டது. ஸுபைதாவின் மூச்சு வாங்குகிற சத்தம். பிறகு கராம்பு கத்தியது, அடித்தொண்டையிலிருந்து. அவள் ஸுஜூதில் இருந்தாள். நெற்றி பாயில் இருந்தது. எழவில்லை. தொழுகையை முறிக்காமல் கடைசி வரை ஓதி, வலப்பக்கமும் இடப்பக்கமும் ஸலாம் கொடுத்துத் திரும்பினபோது அறை வெறுமையாக இருந்தது. கடை வாசலில் வண்டி மாட்டின் மணி நகர்ந்து போனது. கடையின் கடிகாரம் நாலு அடித்தது.

திரைக்கு இந்தப் பக்கம் வரை ஓடினாள். அதற்கு மேல் கால் போகவில்லை.

"என்ன ஏசு புள்ள" என்றாள் ஸுபைதா. கையெல்லாம் பிறாண்டல். "தம்பி சொன்னாரு, நீ தொழும்போது செஞ்சா லேசுண்டு. ஏசிரு."

ஸைனப் மஞ்சள் உரசிக்கொண்டுவந்து ஸுபைதாவின் கையில் தடவிவிட்டாள்.

வண்டிக்கார வடிவேல், ஸரூக் சொன்னபடி, பாதி வழியில் ஆற்றுப் பாலத்தருகே சாக்கை அவிழ்த்து விட்டானாம். சிறுத்தைப்புலி நடமாடுகிற இடம். அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கம்பிக்காரர் சொல்லிக் கொடுத்தபடி புதுத் துத்தநாகத் தண்டும் நவச்சாரமும் திரைக்கு அடியில் தள்ளப்பட்டன. அவளே ஜாடிகளைக் கழுவி, நீர் ஊற்றி, கரைத்து வைத்தாள். டெலிபோன் பேசியது. நாலு மணிக்கு அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். குழல் கொக்கியிலேயே கிடக்கும்.

தொண்ணூற்றொன்பதாவது நாள், நாலு அடித்துச் சற்று நேரத்தில் மணி அடித்தது.

"ராத்தா, இங்க ஒரு பூன வந்திருக்கி" என்றான் காமில். "நேத்தும் வந்திச்சி. எலும்பும் தோலுமா. காலுல ஒரு காயம். அரிசி மூட்டைக்குப் பின்னால ஒளிஞ்சி கெடந்திட்டு, நாலு மணி சங்கு ஊதினதும் பெட்டிக்கு முன்னால வந்து குந்துது. மூக்குல கறுப்பு."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறந்த இடம் அதற்குத் தெரிந்திருக்கிறது.

"குழல அதுட காதுல வைங்க" என்றாள். "வச்சிட்டு, காமில், நீங்க வெளிய போய் நில்லுங்க."

மரத்தில் குழல் இடிக்கிற சத்தம். காலடி தூரப் போனது. பிறகு இரைச்சல், இரைச்சலுக்குள் ஒரு மூச்சு.

"கராம்பு" என்றாள்.

மூச்சு நின்றது. உறுமல் எழுந்தது. பதினொரு மைலைத் தாண்டி வந்து அவள் காதுக்குள் உறுமியது.

"மெலிஞ்சிட்டியாமே" என்றாள். "அவரு அங்க இருப்பாரு எண்டு நெனச்சியா?" பேசப் பேசக் குரல் தானாக வந்தது. "அண்டைக்கு ஒன்கிட்ட என்ன சொன்னாரு? நீளமாச் சொன்னாரே." உறுமல்தான் பதில். அவள் பெட்டியின் வாயோடு நெற்றியை வைத்தாள். "தடிமன் எண்டு ஏன் சொன்னீங்க? காய்ச்சல் எண்டு சொல்லியிருந்தா நான் வண்டி அனுப்பியிருப்பேன். ஒங்கட சாரம் நாலையும் தோச்சி மடிச்சிப் பெட்டகத்துல வச்சிருக்கேன். கபுரு எந்தப் பக்கம் எண்டும் எனக்குத் தெரியா. முருங்க மரம் மழையில சாஞ்சிட்டு. நான் இருக்கேன். கேக்குதா ஒங்களுக்கு?"

கறுக் என்று ஒரு சத்தம். அவளுக்கு மிகவும் தெரிந்த சத்தம். நூலில் பல் இறங்குகிற சத்தம். மேலே உள்ள வயருக்கு மூங்கில் இல்லை. காமிலைக் கத்திக் கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். அவள் கூப்பிடவில்லை. கறுக், கறுக் என்று அது நிதானமாகக் கடிப்பதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு இரைச்சலும் இல்லாமல் போனது.

குழலைக் கொக்கியில் மாட்டினாள். முப்பத்தொரு மூங்கிலும் ஆடி நின்றன.

"யாரு மதினி? காமிலா?" ஸரூக்கின் விரல்கள் திரைக்குக் கீழே வந்து நின்றன.

"காமில்தான். கராம்பு மேல் கடைக்கு வந்து சேந்திருக்கி. இப்ப அங்கிட்டு வயரக் கடிச்சிட்டு. லைன் போச்சி." நிறுத்தினாள். மறுபடி வாய் அடைத்துவிடுமோ என்று பயந்து உடனே தொடர்ந்தாள். "தம்பி, அண்டைக்கு நாப்பது பேரு நனஞ்சது பூனயால இல்ல. நான்தான். நாலு மணிக்குக் குழலத் தெறந்து வச்சேன். நாளும் தெறந்து வச்சேன். ஜாடி செத்துப்போச்சி. எனக்குக் காலையிலயே தெரியும். சொல்லல்ல."

"ஏன் மதினி தெறந்து வச்சீங்க?"

"நாலு மணிக்கு ஒங்கட நானா அதோட பேசுவாரு."

கடையில் யாரோ கருப்பட்டி கேட்டு அழைத்தார்கள். ஸரூக்கின் விரல்கள் நகரவில்லை. அவன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் ஒருமுறை கேட்டது.

"பதுளைக்கு என்ன அனுப்பின நாள்ல இருந்து நானா என்னோட ஒரு வார்த்த பேசல்ல மதினி" என்றான். "எட்டு வருஷம்."

அவளுக்கு அது தெரியாது. திரையை விலக்கவும் முடியாது. கருப்பட்டி கேட்டவர் சலித்துப் போய்விட்டார்.

ஸரூக் கேட்டான். "மேல உள்ள வயர் எத்தன முழம் வரும்?"

ஸைனப் தன் பக்கத்து வயரைப் பிடித்து, முழங்கையிலிருந்து விரல் நுனி வரை அளந்தாள். ஒருமுறை அளந்துவிட்டு, சந்தேகமாக இருந்ததால் மறுபடியும் அளந்தாள்.

"ரெண்டு முழம்" என்றாள். "மூங்கில கொஞ்சம் கூடவே வெட்டச் சொல்லுங்க."